ரோமிங்கை அணைத்துவைத்த பெரியவர்: ஒரு பயண இ-சிம் நிகழ்வு ஆய்வு

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எனக்கு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. அங்கே இருக்கும் இலவச வைஃபையில் பேசினார் அந்தப் பெண். "அண்ணாச்சி, டவர் நன்றாகக் காட்டுகிறது. நெட் மட்டும் வரவில்லை. வாசலைத் தாண்டினால் இந்த வைஃபையும் போய்விடும்." பின்னால் அவருடைய அப்பாவின் குரல் கேட்டது: "தம்பியிடம் சொல், நாம் எதையும் தொடவில்லை என்று."

ஒன்றைத் தொட்டிருந்தார்கள். அதைத் தொட்டதற்கு இருபது வருடத்து நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

செங்கோட்டையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. இன்றும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ஊர்க்காரர்கள்: ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. புனலூர் ரயிலில் வந்து காய்கறி, பூ, துணி வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கைப்பேசியையும் காட்டிவிட்டுப் போவார்கள். இந்தப் பெரியவரும் அப்படி வந்து பழக்கமானவர்தான்.

அவர் பிறந்தது இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. இவருடைய குடும்பம் அந்தக் கணக்கில் விழுந்தது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் புனலூர்ப் பக்கம் வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து அமைத்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை கிடைத்தது. ஓய்வுபெற்றபின் ஆரியங்காவில் சிறிய டீக்கடை போட்டார். அவருடைய அக்காள் இன்னும் குளத்துப்புழையில்தான் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் அவரால் எங்கும் வர இயலாது.

பயணத்தின் நோக்கமே அந்த அக்காள்தான். பிறந்த லயத்தின் முன்னால் நின்று வீடியோ அழைப்பில் அவருக்குக் காட்ட வேண்டும். "பேச்சு வேண்டாம் தம்பி, படம் போக வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கொல்லத்தில் நர்ஸாக இருக்கும் மகள் உடன் போகிறார். இலங்கைக்கு 7 நாள், 3 ஜிபி டேட்டா என்று ஒரு பயண இ-சிம்மை (அட்டை இல்லாமல், கைப்பேசியில் பதிந்திருக்கும் சில்லில் இறங்கும் சிம்) இணையத்தில் வாங்கியிருந்தார். பேசும் வசதி அதில் இல்லை, டேட்டா மட்டும்தான்.

முதல் புகார்

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு மகள் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "காசு போய்விட்டது அண்ணாச்சி. க்யூ.ஆர். கோடு வீணாகிவிட்டது."

நடந்ததைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன். மின்னஞ்சலில் க்யூ.ஆர். படம் வந்திருக்கிறது. வந்தது அதே கைப்பேசிக்கு. தன் திரையைத் தானே படம்பிடிக்க முடியாமல், தன் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பி, அதிலிருந்து ஸ்கேன் செய்திருக்கிறார். (ஐபோனில் 17.4 பதிப்புக்குப் பிறகு, படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே இ-சிம் சேர்க்கும் வழி வரும். இரண்டாவது கைப்பேசி தேவையில்லை.) இணையத்துக்குத் தம்பியின் ஹாட்ஸ்பாட். வீடு மலைச்சரிவில், டவர் வந்து வந்து போகும் இடத்தில். பாதியில் நின்று, சேர்க்க இயலவில்லை என்று செய்தி வந்தது. கோடு சரியா என்று பார்க்கத் தம்பியின் கைப்பேசியில் அதையே ஸ்கேன் செய்தார்கள். அங்கே, இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. அத்துடன் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டாவது செய்திதான் எல்லாரையும் ஏமாற்றியது. அதன் அர்த்தம் புரிய, க்யூ.ஆர். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதில் சிம் இல்லை. எல்.பி.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கி, டாலர் குறிகளால் பிரிக்கப்பட்ட ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஒரு பகுதி, சிம் விவரங்களை வைத்திருக்கும் சர்வரின் முகவரி. இன்னொரு பகுதி, அங்கே நமக்காக எடுத்துவைத்திருப்பதை வாங்குவதற்கான டோக்கன். கைப்பேசி அந்த முகவரிக்குப் போய், டோக்கனைக் காட்டி, தன்னுள் பதிந்திருக்கும் சில்லின் அடையாள எண்ணையும் சொல்லி, விவரங்களை இறக்கிக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு இ.ஐ.டி. என்று பெயர், 32 இலக்கம். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும்.

முதல் முயற்சியிலேயே டோக்கன் மகளுடைய கைப்பேசியின் இ.ஐ.டி.யோடு கட்டப்பட்டுவிட்டது. இறக்கம்தான் முடியவில்லை. வேறு இ.ஐ.டி.யோடு தம்பியின் கைப்பேசி போய் நின்றபோது சர்வர் மறுத்தது நியாயம்தான். ஆகவே கோடு சாகவில்லை, அது மகளுடைய கைப்பேசிக்காகக் காத்திருந்தது என்பது என் கணிப்பு.

அவசரப்படாமல் முதலில் மற்றவற்றைப் பார்த்தேன். உறவினர் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய ஐபோன் 11 அது. பழைய கைப்பேசியில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, சீனப் பெருநிலத்துக்கும் ஹாங்காங்குக்கும் என்று தயாரான ஐபோன் 11-இல் இரண்டு சிம் அட்டைகள் போடலாம், இ-சிம்மே கிடையாது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு. இ.ஐ.டி. வந்ததால் முதல் ஆபத்து இல்லை. 'அபௌட்' பக்கத்தின் அடியில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருந்ததால் இரண்டாவதும் இல்லை. தேதியும் நேரமும் தானியங்கியில் சரியாக இருந்தன. நேரம் தவறாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே அமையாது, ஆனால் திரையில் வரும் செய்தி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் நான் எப்போதும் இதைப் பார்த்துவிடுவேன்.

கடையின் கேபிள் வைஃபையில் இணைத்து, மகளின் கைப்பேசியிலேயே மறுபடி ஸ்கேன் செய்தோம். ஒரு நிமிடத்துக்குள் சிம் ஏறிவிட்டது.

'சேவை இல்லை'

ஏறிய உடனே அடுத்த கவலை. புதிய இணைப்புக்கு எதிரே சேவை இல்லை என்று காட்டியது. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா, "அழித்துவிட்டு மறுபடி போடு, வரும்" என்று எழுதிவிட்டார். மகளின் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. நான் கையை நீட்டித் தடுத்தேன்.

இந்த ஆலோசனையைப் போல இ-சிம்களைக் கொன்ற வேறொன்றை நான் பார்த்ததில்லை. அட்டை சிம்மைக் கழற்றித் துடைத்து மறுபடி போடுகிற பழக்கத்திலிருந்து வந்தது அது. அட்டையைக் கழற்றினால் அட்டை கையில் இருக்கும். இ-சிம்மை அழித்தால் கையில் ஒன்றும் இருக்காது. பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றின் டோக்கன் ஒரு தடவைக்குத்தான். முழுதாக ஏறிவிட்டபின் அழித்தால், விற்றவர்கள் மனது வைத்துப் புதிய டோக்கன் தந்தால்தான் உண்டு.

இங்கே சேவை வராதது குறையே இல்லை. அவர் வாங்கியது இலங்கைக்கு மட்டும். செங்கோட்டையில் அது எந்த டவரோடும் சேர அனுமதி இல்லாதது. இப்போது அது காட்ட வேண்டியதே 'சேவை இல்லை'தான். ஏழு நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பதை மட்டும் மின்னஞ்சலில் தேடிப் படித்தோம், ஏனென்றால் சில திட்டங்களில் கைப்பேசியில் ஏறிய நாளே கணக்கு ஓடத் தொடங்கும். இதில் அந்த நாட்டு டவரைத் தொட்டபிறகுதான். நிம்மதியாக அந்த இணைப்புக்கு 'இலங்கை' என்று பெயர் வைத்து, அணைத்துவைத்தோம்.

யாருடைய சிம்?

நான் வழக்கமாகப் பார்க்கும் இன்னொன்றையும் பார்த்தேன்: சிம்மின் வரிசை எண். எல்லா சிம்மிலும் அது 89 என்று தொடங்கும், அடுத்து வருவது சிம் கொடுத்த நாட்டின் தொலைபேசிக் குறியீடு. இந்திய சிம் என்றால் 8991. இலங்கை சிம் என்றால் 8994. இந்த இ-சிம்மின் எண் 89852 என்று தொடங்கியது. 852 ஹாங்காங்.

'இலங்கை இ-சிம்' என்று விற்கப்பட்டது ஹாங்காங் சிம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பயண இ-சிம்களில் பலவும் இப்படித்தான். ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம், பல நாடுகளில் விருந்தாளியாகப் போய்த் தங்கும் ஒப்பந்தத்தோடு வருகிறது. இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது: இந்த சிம் இலங்கைக்குள்ளும் ரோமிங்கில்தான், அதாவது பிற நிறுவனத்தின் டவரில் விருந்தாளியாகத்தான் இருக்கும். ரோமிங்கை அணைத்தால் டவர் காட்டும், டேட்டா ஓடாது.

ஆகவே 'இலங்கை' இணைப்பில் டேட்டா ரோமிங்கைத் திறந்துவைத்தேன். அவருடைய கேரள எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்தேன், அந்த எண் வழியாக டேட்டா ஓடினால் கட்டணம் ஏறிவிடும். ஒரு சிம்மில் டேட்டா இல்லாவிட்டால் மற்ற சிம்முக்குத் தானாகத் தாவும் வசதியையும் அணைத்தேன். வங்கிக் குறுஞ்செய்தி வருவதற்காகக் கேரள எண்ணைக் கைப்பேசியிலேயே விட்டு, சர்வதேச ரோமிங்கை மட்டும் நிறுவனத்திடம் சொல்லித் திறந்துகொள்ளச் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: இறங்கியதும் 'இலங்கை' இணைப்பை இயக்கு, டேட்டாவை அதற்கு மாற்று, இரண்டு நிமிடம் பொறு.

தாளில் ஒன்று விடுபட்டிருந்தது. ரோமிங் ஏன் திறந்திருக்கிறது என்று நான் எழுதவில்லை. திறந்துவைத்துவிட்டேன், இனி யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எல்லைக்காரரின் பழக்கம்

ஆரியங்காவுக் கணவாயில் கைப்பேசி வைத்திருந்தவர்களுக்கு ரோமிங் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைத்தொடர்பில் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு இன்னொரு வட்டம். வீட்டுத் திண்ணையில் இருந்தால் கேரள டவர். பத்தடி தள்ளிச் சாலைக்கு வந்தால், தமிழ்நாட்டுப் புளியரை பக்கத்து டவர் எட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து வருகிற அழைப்புக்கும் காசு. பெரியவர் சந்தைக்குச் செங்கோட்டை வரும்போதெல்லாம் இதுதான். நூறு ரூபாய் ரீசார்ஜ் மூன்று நாளில் தீர்ந்துபோன காலம் அது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். உள்வரும் அழைப்புக்கு ரோமிங் கட்டணத்தை விட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள். அதுவரை எல்லை மக்கள் இரண்டு தற்காப்புகளைக் கற்றிருந்தார்கள். ஒன்று, ரோமிங்கை அணைப்பது. இரண்டாவது, கைப்பேசி தானாக டவர் தேடுவதை நிறுத்திவிட்டு, பட்டியலில் தன் வட்டத்து டவரைத் தானே தேர்ந்தெடுத்து வைப்பது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் மகளிடம் கேட்டிருக்கிறார்: "ரோமிங் எல்லாம் மூடியிருக்கிறதா பார்." ஒன்று திறந்திருக்கிறது என்றதும், "கடல் தாண்டிப் போகிறோம், திறந்துவைத்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். மூடு" என்றிருக்கிறார். மகள் மூடிவிட்டார். என் தாளில் அதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. அப்பாவின் சொல்லில் காரணம் இருந்தது, என் தாளில் கட்டளை மட்டும் இருந்தது. எது நிற்கும்?

கட்டுநாயக்கவிலிருந்து வந்த அழைப்பில் நான் முதலில் கேட்டது ஸ்கிரீன்ஷாட். 'இலங்கை' இணைப்பின் பக்கம் அப்படியே வந்தது. டவர் முழுக் கம்பி. டேட்டாவுக்கு அந்த இணைப்பே தேர்வாகியிருந்தது. டேட்டா ரோமிங் மூடியிருந்தது.

"தங்கச்சி, அதைத் திற" என்றேன். பின்னாலிருந்து பெரியவர் வேண்டாம் என்றார். அவரிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொன்னேன். "ஐயா, இது கேரள எண்ணின் ரோமிங் இல்லை. இந்த சிம் ஹாங்காங் சிம். நம்மூர் ஆள் புளியரை டவரில் இருப்பதுபோல, இது இலங்கை டவரில் விருந்தாளி. வாடகையை முன்பே கட்டியாகிவிட்டது. 3 ஜிபி தீர்ந்தால் நின்றுபோகும், கூடுதலாகப் பில் வராது." சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியென்றால் நம் எண்ணுடையது மூடித்தானே இருக்கிறது?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. மூடித்தான் இருக்கிறது என்றேன். திறக்கச் சொன்னார். விமானப் பயன்முறையில் பத்து நொடி வைத்து எடுத்தார்கள். டேட்டா வந்தது.

மறுநாள் மகள் ஒரு செய்தி அனுப்பினார்: ஓர் இணையப் பக்கம் சீன எழுத்தில் திறக்கிறது, கைப்பேசியில் வைரஸா என்று. வைரஸ் இல்லை. டேட்டா ஹாங்காங் போய்த்தான் வெளியே வருகிறது, அதனால் அந்தத் தளம் அவரை ஹாங்காங்கில் இருப்பவர் என்று எண்ணிக்கொள்கிறது. மொழியை மாற்றிக்கொண்டால் போதும்.

பொகவந்தலாவை

மூன்றாவது நிகழ்வைத் தீர்த்தது நான் அல்ல. அவர்கள் திரும்பிவந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

அட்டன் நகரம் வரை டேட்டா நன்றாக இருந்திருக்கிறது. தோட்டத்துக்குள் இறங்கிய பள்ளத்தில் ஒரே ஒரு கம்பி. குளத்துப்புழைக்கு வீடியோ அழைப்பு போட்டால் அக்காளின் முகம் உறைந்து நிற்கிறது, குரல் அறுந்து அறுந்து வருகிறது. மகள் கைப்பேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், பயனில்லை. எனக்கு அழைக்கவும் வழியில்லை. கூட வந்த தோட்டத்துப் பையனின் கைப்பேசியில் மட்டும் 4ஜி நன்றாக ஓடியது. அது வேறு நிறுவனத்தின் சிம்.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "நம்முடையது இரண்டு கம்பெனி டவரிலும் தங்கும் என்று தாளில் இருந்ததே?" மின்னஞ்சலில் இருந்த இரண்டு நிறுவனப் பெயர்களையும் நான் தாளின் அடியில் எழுதியிருந்தேன், ஒரு தகவலுக்காகத்தான். "அப்படியானால் இது பழைய டவரையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆரியங்காவில் செய்வதுபோல் செய்."

அவர் கணிப்பு அப்படியே சரி. சேர்ந்திருக்கும் டவர் எவ்வளவு மெலிந்தாலும், முழுதாக அறுந்துபோகாத வரை கைப்பேசி அதை எளிதில் விடுவதில்லை. பக்கத்தில் வேறு நிறுவனத்தின் நல்ல டவர் இருந்தாலும் தேடிப் போவதில்லை. நெட்வொர்க் செலக்‌ஷன் பக்கத்தில் தானியங்கியை அணைத்தார் மகள். பட்டியல் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்ததும் பெரியவரே விரலால் இரண்டாவது பெயரைத் தொட்டிருக்கிறார். ஒரு காலத்தில் கேரள டவரைத் தொட்ட அதே விரல். நான்கு கம்பி வந்தது.

என் தாளை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு வரி இருக்கிறது. டவரைக் கையால் தேர்ந்தெடுக்கும் முறையும், ஊர் மாறியதும் தானியங்கிக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதும் சேர்ந்திருக்கின்றன. தானியங்கிக்குத் திருப்ப மறந்தால், அந்த நிறுவனத்தின் டவர் இல்லாத ஊரில் கைப்பேசி ஊமையாகிவிடும். அவர்களுக்கும் திரும்பும் வழியில் அட்டனில் அது நடந்திருக்கிறது. ஆனால் பெரியவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

லயத்தின் முன்னால் நின்று போட்ட அழைப்பை மகள் எனக்கு விவரித்தார். கூரைத் தகரம் மாறியிருந்ததால் அக்காளுக்கு முதலில் வீடு பிடிபடவில்லையாம். பெரியவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டியும் அக்காள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு, "பீலிக்கரைக்குப் போ" என்றாராம். பெரியவர் சரிவில் மெல்ல இறங்கி, தண்ணீர் விழும் இடத்தில் நின்றார். படம் அறுபடவில்லை. "பேசாதே, போனைத் தண்ணீர்ப் பக்கத்தில் பிடி" என்றார் அக்காள். அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.